நல்ல கிட்டார் யாருக்கு?

ஊரில் நல்ல குழல்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன. அவற்றை யாருக்குக் கொடுப்பது? பெரிய குடும்பத்தில் பிறந்தவருக்கா, பணமுள்ளவருக்கா, பார்க்க லட்சணமாக இருப்பவருக்கா? ‘அரசியல்’ நூலின் மூன்றாம் புத்தகத்தில் அரிஸ்டாட்டில் இந்தக் கேள்வியை எழுப்பி, சுற்றி வளைக்காமல் பதிலும் சொல்லிவிடுகிறார்: நன்றாக ஊதுகிறவருக்கே நல்ல குழல். குலமும் அழகும் குழலூதும் திறமையைவிடப் பெரிய பேறுகளாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவற்றால் வாசிப்பு ஓர் இம்மியும் உயரப்போவதில்லை என்பது அவர் வாதம். அவர் மனதில் இருந்தது நம் புல்லாங்குழல் இல்லை. நாகஸ்வரம்போலச் சீவாளி வைத்து ஊதும் ஆலோஸ்.

இந்த நியாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தால் சங்கடம்தான். சுவர் முழுக்க எலெக்ட்ரிக் கிட்டார்கள் தொங்குகின்றன. முன்னால் நிற்பவர் பகலெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வாசிக்க ஆசைப்படுபவர். மேடை ஏறும் எண்ணம் இல்லை. அரிஸ்டாட்டில் கணக்குப்படி அவருக்கு எது சேரும்? மூலையில் இருக்கும் ஆக மலிவானது. கடைக்காரரும் பெரும்பாலும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்வார்: “வீட்ல சும்மா வாசிக்கறதுக்கு இது போதும் சார்.” கூட வந்த நண்பர் எதிர்க் கட்சி: “வாங்கறது ஒரு தடவை, நல்லதாவே வாங்கிடுப்பா.”

இருவரும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தோன்றும். அளவுகோல் என்னவோ ஒன்றுதான். மேடைக் கலைஞரை உச்சியில் வைத்து, வீட்டில் வாசிப்பவர் அவருக்கு எத்தனை படி கீழே என்று அளக்கிறார்கள். ஒருவர் அந்தத் தூரத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார், மற்றவர் பணத்தால் தாண்டச் சொல்கிறார். வீட்டில் வாசிப்பது மேடை வாசிப்பின் மெலிந்த வடிவம்தானா, அல்லது அதற்கென்று தனியாக ஒரு நோக்கம் உண்டா என்று இருவருமே கேட்பதில்லை. பூஜை அறையில் பாடும் பாட்டியிடம் யாரும் சபா கச்சேரியின் அளவுகோலை நீட்டுவதில்லை. கிட்டார் என்றதும் மட்டும் அந்த அளவுகோல் தானாக வெளியே வந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டு வாசிப்பாளருக்கு ஆதரவாகப் பேசுகிறவரும் அதே அரிஸ்டாட்டில்தான். அதே நூலின் எட்டாம் புத்தகத்துக்கு வந்தால் தொனி மாறுகிறது. இசை எதற்கு என்று விசாரிக்கிறார். விளையாட்டுக்கு, குணத்தைப் பண்படுத்துவதற்கு, எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வை மதிப்போடு கழிப்பதற்கு. சுதந்திரமான குடிமகன் இசையைக் கற்க வேண்டும், கேட்டு ரசித்தால் மட்டும் போதாது, கையால் வாசித்தும் பழக வேண்டும் என்கிறார். ஆனால் போட்டிக்குத் தயாராகிறவன்போல வித்தைகளில் மூழ்கக் கூடாதாம். அவர் பார்வையில் தொழில்முறை வாசிப்பு மற்றவர்களின் இன்பத்துக்காகச் செய்யும் கூலி வேலை. ஆலோஸையும், கித்தாரா என்ற பெரிய யாழையும் தொழில்காரர்களின் கருவிகள் என்று சொல்லிக் கல்வியிலிருந்தே விலக்கிவிடுகிறார். குழந்தைகளுக்கோ ஆர்க்கிட்டாஸ் கண்டுபிடித்த கிலுகிலுப்பையைப் பரிந்துரைக்கிறார். அது கையில் இருந்தால் வீட்டுச் சாமான்களை உடைக்காமல் இருப்பார்களாம்.

இதில் மேட்டுக்குடித் திமிர் இல்லாமல் இல்லை. அடிமைகள் உழைக்க, எஜமானர்கள் ஓய்வில் இசையை அனுபவித்த சமூகத்தின் குரல் அது. திமிரை உதறிவிட்டுப் பார்த்தாலும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. கருவியின் தரம் எந்த நோக்கத்துக்கு என்பதைப் பொறுத்தது, ஓய்வில் வாசிப்பது முழுமையான ஒரு நோக்கம். மூன்றாம் புத்தகத்தின் ‘நல்ல குழல்’ நோக்கத்தைச் சொல்லாமல் முடிவாவதில்லை என்பது எட்டாம் புத்தகத்தில்தான் தெளிவாகிறது.

எலெக்ட்ரிக் கிட்டார் பிறந்த நோக்கமோ இதற்கு நேர் எதிர்த் திசை. 1930களின் அமெரிக்க நடன இசைக் குழுக்களில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்கும்போது சாதாரண கிட்டார் யார் காதிலும் விழவில்லை. காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருளை வைத்து, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி, ஒலிபெருக்கியில் விட்டார்கள். 1936இல் கிப்சன் நிறுவனத்தின் இ.எஸ்-150 வந்தது. சார்லி கிறிஸ்டியன் அதை எடுத்துக்கொண்டு 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தபோது, கிட்டார் முதல் வரிசைக்கு வந்தது. சத்தத்துக்கான ஓட்டம் அதோடு நிற்கவில்லை. 1965இல் தி ஹூ குழுவின் பீட் டௌன்ஷெண்ட் இன்னும் பலமாக வேண்டும் என்று கேட்கப்போய், ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தார்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு பத்தரை மணிக்கு வாசிப்பவருக்கு வேண்டியது இதன் தலைகீழ்: தன் காதில் விழ வேண்டும், பக்கத்து வீட்டில் விழக் கூடாது. ஆச்சரியம், எலெக்ட்ரிக் கிட்டார் இதற்கும் வாகாக அமைந்துவிட்டது. கெட்டி மரப்பலகையில் செய்த கிட்டாரை ஆம்பில் சொருகாமல் வாசித்தால் அக்கூஸ்டிக் கிட்டாரைவிட மிக மெல்லிய ஒலிதான் வரும். தூங்கும் குழந்தை எழுந்திருக்காது. 1982இல் பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் ராக்மேன் என்ற சின்னப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்ஃபோனில் மேடை ஆம்பின் சத்தத்தைக் கேட்கலாம். இன்று ஹெட்ஃபோன் சொருகும் வசதியில்லாத வீட்டு ஆம்ப்தான் அபூர்வம். ஆகவே 100 வாட் ஆம்பில் பிரமாதமாக ஒலிக்கிறது என்று புகழப்படும் கிட்டாரின் அந்தப் புகழால் வீட்டு வாசிப்பாளருக்கு ஒரு லாபமும் கிடையாது.

அப்படியானால் அவருக்கேற்றதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? இங்கே பிளேட்டோ உதவிக்கு வருகிறார், அவரும் ஒரு குழலோடுதான். ‘குடியரசு’ நூலின் பத்தாம் புத்தகத்தில், ஒரு கருவி நல்லதா கெட்டதா என்பது செய்தவரைவிட அதைப் பயன்படுத்துகிறவருக்கே தெரியும் என்கிறார். குழலூதுபவர் சொல்வார், குழல் செய்பவர் கேட்டுக்கொள்வார்.

இதற்கு லியோ ஃபெண்டரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர்பெற்ற கிட்டாரையும், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் உலகுக்குக் கொடுத்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. செய்ததை வாசிப்பவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் குறை சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டே போனார். அந்த வாசிப்பவர்களில் ஒருவர் பில் கார்சன். டெலிகாஸ்டரின் உடல் நேராக அறுத்த பலகை. அதன் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று அவர் முறையிட்டார். ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திருப்பிப் பார்த்தால் வயிறு படும் இடம் குடைந்திருக்கும். முன்பக்கம் முழங்கை தங்கும் விளிம்பு சரிந்திருக்கும். கிட்டார் வடிவங்களிலேயே அதிகம் நகலெடுக்கப்பட்ட அந்த வளைவின் பின்னால் வாசித்தவர்களின் விலா எலும்பு இருக்கிறது.

பிளேட்டோவின் பதில் அழகானதுதான், புதிதாக வாங்குபவரை மட்டும் அது நட்டாற்றில் விட்டுவிடுகிறது. அவர் இன்னும் வாசிப்பவர் ஆகவில்லையே. தெரியாத ஒன்றைத் தேடுபவன், அது எதிரில் வந்தாலும் இதுதான் என்று எப்படி அடையாளம் காண்பான் என்று பிளேட்டோவின் இன்னொரு உரையாடலில் மெனோ சாக்ரட்டீஸை மடக்குவான். கிட்டார் கடையில் நிற்பவர் மெனோவின் வாரிசு. வாசிக்கத் தெரிந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும், தேர்ந்தெடுத்து வாங்கினால்தான் வாசிக்கத் தெரியும்.

வழி இல்லாமல் போகவில்லை. விரலுக்குத் தெரியாவிட்டாலும் தோளுக்கும் தொடைக்கும் விலாவுக்கும் இப்போதே தெரியும். லெஸ் பால் வகைக் கிட்டார் நான்கு கிலோவைத் தாண்டுவது சகஜம். கால் மணி நேரம் மடியில் வைத்தாலே உடம்பு தன் தீர்ப்பைச் சொல்லிவிடும். தந்தி அதிரும் நீளம் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 648 மில்லிமீட்டர், லெஸ் பாலில் சுமார் 628. இருபது மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அதே கனத்துத் தந்தி அதே சுருதிக்கு ஏற வேண்டுமானால் நீளமானதில் இழுவிசை கூடுகிறது. நீளம் குறைந்ததில் ஸ்வரத்தை இழுத்து வளைப்பது லகுவாகிறது, சின்னக் கைகளுக்குக் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருகின்றன.

நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம் கழுத்தின் மேல்முனை. தந்திகள் காடியில் உட்கார்ந்து கழுத்துக்குள் இறங்கும் அந்தச் சின்னத் துண்டுக்கு நட் என்று பெயர். மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் ஒரு தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய காகிதம் நுழையும் அளவு இருந்தால் நல்லது. பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால் காடி ஆழமாக அறுக்கப்படவில்லை என்று பொருள். அந்தக் கிட்டாரில் எஃப் கார்டு பிடிக்கும் புதியவர் தன் விரலைத்தான் நொந்துகொள்வார். கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பது அடுத்த சோதனை. மரம் உலர்ந்து சுருங்கியிருந்தால் ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு கையைப் பிராண்டும். இவை எதற்கும் இசை ஞானம் தேவையில்லை. சோதித்துவிட்டு, விவரமானவரிடம் ஒரு ‘செட்டப்’புக்குக் கொடுத்தால் பல மலிவான கிட்டார்கள் வேறு கருவியாகத் திரும்பி வருகின்றன. விளம்பரத்தில் மரத்தின் பெயருக்குக் கிடைக்கும் இடம் இந்தச் சோதனைகளுக்குக் கிடைப்பதில்லை. வீட்டில் தினமும் எடுத்து வாசிக்கப்படுமா, மூலையில் சாத்தி வைக்கப்படுமா என்பதைப் பெரும்பாலும் இவைதான் முடிவு செய்கின்றன.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் விஷயத்திலும் வீடு என்ற நோக்கம்தான் வழிகாட்டி. ஒற்றைச் சுருள் பிக்கப் கணினி, எல்.ஈ.டி. விளக்கு, மின் இணைப்பு எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்து ‘ம்ம்ம்’ என்று முனகும். 1955இல் கிப்சனில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த முனகலை ரத்து செய்தார், அதுதான் ஹம்பக்கர். ஒற்றைச் சுருளின் கண்ணாடிபோன்ற தெளிவு சிலருக்கு முனகலையும் தாங்கிக்கொள்ளத் தகுந்ததாக இருக்கிறது. இரண்டும் கலந்த யமஹா பசிஃபிகா 112 போன்றவை புதியவர்களுக்குத் தொடர்ந்து பரிந்துரைக்கப்படக் காரணம் இந்தச் சமரசம்தான். ஃப்ளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் பாலம் மட்டும் வீட்டுக்கு வேண்டாத தொல்லை: ஒரு தந்தியின் சுருதியைத் தொட்டால் மற்ற ஐந்தும் நகரும், இருக்கும் அரை மணி நேரம் அதிலேயே கரையும். ‘இளைய நிலா பொழிகிறதே’ தொடங்கும் அந்த கிட்டார் இசையை வாசிக்கத்தான் ஆசை என்றால் எலெக்ட்ரிக் கிட்டாரே தேவையில்லை, அக்கூஸ்டிக் போதும். கேட்பதற்கு அற்பமாக இருந்தாலும் இதுவும் நோக்கம் பற்றிய கேள்விதான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் கை வேறொரு கிட்டாரை நோக்கி நீள்கிறது. தன் ஆதர்ச நாயகன் மாட்டியிருந்த அதே வடிவம், அதே நிறம். இங்கே தத்துவம் விலகி மதம் நுழைகிறது. பவுலின் உடலில் பட்ட துணிகளை நோயாளிகளிடம் கொண்டுபோனதாக அப்போஸ்தலர் பணிகள் நூல் சொல்கிறது. கண்டியில் புத்தரின் பல்லை வைத்து ஒரு கோயிலே எழுந்திருக்கிறது. தொட்டதில் தொட்டவரின் ஆற்றல் தங்கும் என்ற நம்பிக்கைக்கு மதங்களின் எல்லை கிடையாது. ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் 1995இல் புத்தம்புதுக் கிட்டார்களின் வண்ணத்தைச் சுரண்டி, உலோகத்தை மங்கவைத்து, பல வருடம் அடிபட்டதுபோல விற்கத் தொடங்கியது. அந்த வரிசைக்கு ‘ரெலிக்’, அதாவது திருப்பண்டம் என்று அவர்களே பெயரும் வைத்தார்கள். புனிதர் தொடாமலேயே திருப்பண்டம்!

பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1970இல் நியூயார்க்கில் வாங்கினார். அதன் கழுத்தை ஒரு தடவைக்கு மேல் மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், உடலில் துளை போட்டார். அவருக்கு அது சுத்தியல் அரிவாளைப் போல வேலை செய்யும் சாமான். 2008இல் அதன் நகல்கள் விற்பனைக்கு வந்தபோது வாங்குகிறவர்கள் பளபளப்பானதா, தேய்ந்ததா என்று தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். 2019 ஜூனில் அசலை கிறிஸ்டீஸ் ஏலத்தில் விட்டார். அது 39,75,000 டாலருக்குப் போனது. ஏலத்தில் வந்த மொத்தப் பணமும் பருவநிலைக்காக வழக்காடும் கிளையண்ட்எர்த் அமைப்புக்குச் சென்றது. எத்தனையோ பேர் கும்பிடும் பொருளைப் பூசாரியே சாதாரணமாகக் கைமாற்றிவிட்டார்.

நம்பிக்கை காதையும் ஏமாற்றுமா? 2010இல் இண்டியானாபொலிஸில் ஓட்டல் அறை ஒன்றில் கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்காதிருக்க முகவாய் வைக்கும் இடத்தில் வாசனைத் திரவியத் துளியும் வைத்து, ஆறு வயலின்களைக் கையில் கொடுத்தார்கள். மூன்று புதியவை, மூன்று ஸ்ட்ராடிவாரி, குவார்னெரி காலத்தவை. அதிகம் பேர் விரும்பியது புதியது ஒன்றை, ஆகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. தேர்ந்த கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும் வீட்டுக்காரர் எதைக் கேட்கிறார் என்று சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனாலும் இந்தச் சோதனையை வைத்து அவரைக் கேலி செய்வது நியாயமில்லை. ஒரு பொருளின் நிறம் பிடித்திருப்பதால் அதை அடிக்கடி எடுக்கத் தோன்றுகிறது, எடுத்தால் வாசிப்பார். அந்த அளவுக்கு அழகும் நோக்கத்துக்குள் அடங்கியதே. வாங்குவதே வாசிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் விவகாரம் தொடங்குகிறது. புதிய மேலங்கி கிடைத்ததும் அறையிலிருந்த மேசையும் நாற்காலியும் படமும் மட்டமாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றி அவதிப்பட்ட கதையைப் பிரெஞ்சுத் தத்துவவாதி தெனி திதெரோ 1769இல் புலம்பலாக எழுதினார். கிட்டார்காரர்களிடம் இதற்குத் தனிப் பெயரே உண்டு: ‘கேஸ்’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கம், கருவி வாங்கும் வியாதி. 1990களில் ஸ்டீலி டேன் குழுவின் வால்டர் பெக்கர் அதைப் பற்றிப் பத்திரிகையில் நக்கலாக எழுதினார். கிட்டாருக்குப் பின் ஆம்ப், ஆம்புக்குப் பின் பெடல், பெடலுக்குப் பின் பெடல்களை அடுக்க ஒரு பலகை. அந்தப் பலகை காலியாகத் தெரிகிறதே என்று இன்னும் இரண்டு பெடல்.

அமர்த்தியா சென் 2009இல் வெளியிட்ட ‘தி ஐடியா ஆஃப் ஜஸ்டிஸ்’ நூலிலும் ஒரு குழல் வருகிறது. மூன்று குழந்தைகள் அதைக் கேட்கிறார்கள். ஒருத்திக்கு வாசிக்கத் தெரியும், ஒருவனிடம் வேறு விளையாட்டுப் பொருளே இல்லை, ஒருத்தி அதைத் தன் கையால் செய்தவள். மூன்று கோரிக்கையிலும் நியாயம் இருக்கிறது என்கிறார் சென். அந்த வரிசையில் நான்காவதாக ஒரு குழந்தை நிற்கவில்லை: இன்னும் வாசிக்கத் தெரியாத, ஆனால் கற்க ஆசைப்படும் குழந்தை. ஏழையும் இல்லை, செய்தவளும் இல்லை. நாற்பது வயதில் கிட்டார் வாங்கப் போகிறவர் அந்தக் குழந்தைதான். அரிஸ்டாட்டிலும் அவருக்கு இடம் வைக்கவில்லை. இளமையில் கற்று, வயதானதும் வாசிப்பை விட்டுவிட்டு ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னவர் அவர்.

சந்தை மட்டும் அவருக்கு இடம் வைத்திருக்கிறது, வேறொரு காரணத்தால். ஃபெண்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்குச் சொன்னார்: விற்கும் கிட்டார்களில் ஏறக்குறைய 45 சதவீதம் முதன்முறை வாங்குவோருக்குப் போகிறது, அவர்களில் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள். விட்டவர்களின் கிட்டார்களில் பல கீறல்கூட விழாமல் அலமாரி மேல் கிடந்து, வீடு மாற்றும்போது ஓ.எல்.எக்ஸில் வந்து நிற்கின்றன. நல்ல குழல் வாசிப்பவரிடம் சேர வேண்டும் என்ற மூன்றாம் புத்தகத்தின் ஏற்பாடு இப்படியும் கொஞ்சம் நடந்தேறுகிறது. அங்கே வாங்கப் போகிறவர் வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டாம், தூசு. ஒரு ஸ்ப்ரேயில் போய்விடும். துருப்பிடித்த தந்திகளை எப்படியும் மாற்றத்தான் போகிறார், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். கடைசி ஃப்ரெட் பக்கமிருந்து கழுத்தை ஒரு கண்ணால் நோட்டமிடும்போது மரம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தால், தலைப்பகுதியில் உள்ளது எந்த நிறுவனத்தின் பெயராக இருந்தாலும், வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடலாம்.